அழகு அரளி... அளவோடு உறவு!

'ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா செடியெல்லாம் காய்ஞ்சு போயிடுது' என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? உங்களுக்கு ஏற்றது அரளி. நெடுஞ்சாலைகளின் நடுவே வெயிலிலும் புகையிலும் அது பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்களே! வருஷம் முழுக்கப் பச்சை, இதமான வாசனை. இலை தடிப்பானது. சுவாசத் துளைகள் இலையின் அடிப்புறக் குழிகளுக்குள் ஒளிந்திருப்பதால் நீர் சுலபமாக ஆவியாகாது. வறட்சியைத் தாங்கும் ரகசியம் இதுதான்.

நடுவது எப்படி?

மழைக்காலத்தில், ஓரளவு முற்றிய கிளையில் 6 முதல் 8 அங்குல நீளத்துக்குக் குச்சி வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு, நாளைக்கு 6 மணி நேரமாவது வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடத்துக்கு மாற்றுங்கள். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும்! முதல் வருஷம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பூப்பது புதுத் துளிர்களின் நுனியில் என்பதால், ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள். மஞ்சள் நிற அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே உதிர்ந்துவிடும்.

இதை மறக்காதீர்கள்!

அரளியின் வேர், இலை, பூ, விதை எல்லாமே விஷம். இதிலுள்ள ஓலியாண்ட்ரின் போன்ற பொருள்கள் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். இலை காய்ந்தாலும் விஷம் போகாது. கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது இதனால்தான்.

தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் இப்போதைக்கு அரளி வேண்டாம், நந்தியாவட்டை வையுங்கள். அதையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரளியை வெட்டும்போது கையுறை அணியுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டிய கிளையை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். ஆடு, மாடு மேயும் இடத்திலும் போடாதீர்கள்.

யாராவது தின்றுவிட்டால்? வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் வரலாம்; நாடி தளரலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

இத்தனை ஜாக்கிரதையும் இருந்தால், வேலியோரத்தில் அரளி தாராளமாகப் பூக்கட்டும்!