கஞ்சா பற்றி வகுப்பெடுக்கப் போகிறீர்களா?

ஜூன் 26, சர்வதேச போதை ஒழிப்பு நாள். நர்சிங், பார்மசி, மருத்துவக் கல்லூரிகளில் அன்றைய கூட்டம் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் தலையில்தான் விழும். பேனர், பேரணி, உறுதிமொழியோடு நாள் முடிந்துவிடும். நோயாளியிடம் கஞ்சா பற்றி எப்படிக் கேட்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, ஓராண்டுக்குள் பாங்கு, கஞ்சா, சரஸ் இவற்றில் ஏதோ ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. காய்ச்சலோ விபத்தோ அறுவை சிகிச்சையோ, அவர்கள் நம் மாணவர்களிடம்தான் வருவார்கள். வகுப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் கேட்கப் பழக்குங்கள். இரண்டு மாணவர்களை முன்னால் அழைத்து நடிக்கச் சொல்லலாம். ஒருவர் நோயாளி: இருபது வயது, மாதம் தவறாமல் விடாத வாந்தி, எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை, பக்கத்தில் அம்மா. டாக்டராக நடிப்பவர் எடுத்த எடுப்பில், "தம்பி, கெட்ட பழக்கம் ஏதாவது இருக்கா?" என்பார். "இல்ல சார்." அதோடு கதை முடிந்தது. மறுபடி நடிக்க வையுங்கள். "அம்மா, கொஞ்சம் வெளியில இருங்க, பரிசோதனை பண்ணிட்டுக் கூப்பிடுறேன்." பிறகு, "எல்லார்கிட்டயும் கேக்குறதுதான் தம்பி. சிகரெட், தண்ணி, கஞ்சா, இதுல எது எடுக்குறீங்க? கடைசியா எப்போ? வாந்தி வரும்போது வெந்நீர்ல குளிச்சா அடங்குதா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால், நெடுநாள் கஞ்சா பழக்கத்தால் வரும் வாந்தி நோயைச் சந்தேகிக்க வேண்டும். 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள். வழக்கமான வாந்தி ஊசிகள் இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. பழக்கத்தை விட்டால்தான் நிற்கும். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து ஒரு குடும்பம் கடன்படாமல் காப்பாற்றக்கூடிய கேள்வி இது. இதற்கு முழுதாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மருந்தியலில் மாணவர்கள் மறக்கக் கூடாதது நேரக் கணக்கு. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்னொரு உருண்டை பாங்கு விழுங்கியவர்தான் காஷுவால்டிக்கு வருவார். வளர்ந்தவர்களுக்கு மூச்சு அடங்குவது அரிது. தெரியாமல் தின்றுவிட்ட குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் தடையும் வரலாம். பதின்வயதில் தொடங்கித் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் கூடுதல் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்தாகும் பக்கத்தையும் மறைக்காதீர்கள். மறைத்தால் மாணவர்கள் மற்றதையும் நம்ப மாட்டார்கள். கஞ்சாவின் போதைக் கூறான டி.எச்.சி.யின் செயற்கை வடிவமான டிரோனபினால், அதையொத்த நேபிலோன் இரண்டும் கீமோதெரபி வாந்திக்காக 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. கடுமையான இரு குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாவின் இன்னொரு கூறான சி.பி.டி.யைச் சுத்திகரித்த மருந்தான எபிடியோலெக்ஸ் 2018-ல் அங்கே அனுமதி பெற்றது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'புற்றுநோயைக் குணமாக்கும் எண்ணெய்' என்ற பேச்சுக்கு அப்படி எந்த ஆதாரமும் கிடையாது. 'விஜயா' என்ற பெயரில் ஆயுஷ் உரிமத்தோடு விற்கும் கஞ்சாச் சாற்று எண்ணெய்களை நோயாளிகள் பையிலேயே எடுத்து வருவார்கள். பார்மசி மாணவர் அதை வாங்கிப் பார்த்து, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்க வேண்டும். சி.பி.டி., வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். குளோபசாமோடு சேர்ந்தால் தூக்கம் அமுக்கும். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் என்சைம்கள் ஏறும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதைக் கேட்டாக வேண்டும். மயக்கமருந்துக்கு முன் எல்லா நோயாளிகளிடமும் கஞ்சா பற்றிக் கேட்கும்படி அமெரிக்க வட்டார மயக்கவியல் சங்கம் 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தினசரி பழகியவருக்கு மயக்கமருந்து அதிகம் தேவைப்படலாம்.

சட்டத்துக்கு ஒரு ஸ்லைடு போதும். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பூக்கும் அல்லது காய்க்கும் நுனியைத்தான் கஞ்சா என்கிறது. தனித்த இலையும் விதையும் அதில் சேரா. 1 கிலோவரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஆனால் மாணவர்கள் கேட்கப்போவது வேறு: "போலீசுக்குச் சொல்லணுமா மேடம்?" மனநலச் சிகிச்சைக்கு வந்தவரின் தகவலைக் காக்கும் கடமையை மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 23 தருகிறது. சிறிய அளவோடு பிடிபட்ட பழக்க அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 64ஏ வழிவிடுகிறது. விபத்து, சுயநினைவின்றி வந்தவர் போன்ற மருத்துவ-சட்ட வழக்குகளுக்கு உங்கள் மருத்துவமனை நடைமுறை தனி. அதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

வகுப்பில் இருப்பவர்களிலேயே சிலர் புகைப்பவர்களாக இருக்கலாம். அதனால் கேலியும் ஒழுக்கப் பிரசங்கமும் வேண்டாம். போர்டின் ஓரத்தில் டெலி-மானஸ் எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் தொடக்கத்திலேயே எழுதி, அழிக்காமல் விடுங்கள். வகுப்பு முடிந்து ஒருவர் தயங்கி நின்றால், எங்கே வாங்கினாய் என்று கேட்காதீர்கள், வார்டனுக்கு ஓடாதீர்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். விட்ட முதல் வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பசி எடுக்காது, பிறகு மெல்லக் குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சம்மதித்தால் மனநலத் துறை ஓ.பி.க்கு நீங்களே கூடப் போய் உட்காருங்கள்.