பொறி எதையும் இலவசமாகத் தராது
பழைய பிக்கப் வாகனமொன்றின் சுக்கான் பெட்டியை மாற்றுவதனூடாக ஒரு மீட்டல்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்
மீட்டற்குரிய விடயங்கள்: திருப்பம், பொறிகள், வினைத்திறன், திரவ அமுக்கம்



“பொறி என்பது நாம் செய்ய வேண்டிய வேலையைக் குறைக்கும் சாதனமாகும்.”

இந்த வசனம் ஒவ்வொரு வருடமும் ஏதாவதொரு விடைத்தாளில் என் கண்ணிற் படுகிறது. உங்கள் வயதில் நானும் இதையே எழுதிப் புள்ளியை இழந்தவன். வசனத்தில் பிழையான சொல் ஒன்றே ஒன்றுதான்: “வேலை”. அது ஏன் பிழை என்பதை ஓர் உண்மையான பிரயோகத்தின் மூலம் இப்பாடத்தில் நோக்குவோம்.

1. எடுத்துக்கொண்ட வாகனம்

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரையான மாதிரிகளாக வெளிவந்த செவ்ரோலே சி-10 பிக்கப் வாகனத்தை இன்றும் பலர் விரும்பிப் புதுப்பித்து ஓட்டுகின்றனர். அக்காலத்தில் இவற்றுட் பல, ஐதரோலிக் உதவியற்ற சாதாரண சுக்கானுடனேயே விற்கப்பட்டன. எனவே வாகனத்தைப் புதுப்பிப்போர் முதலில் செய்ய விரும்பும் வேலைகளில் ஒன்று, சுக்கான் பெட்டியை மாற்றுவதாகும். இதனை வாகனத் திருத்துநர் ஸ்டியரிங் பொக்ஸ் என்பர்.

2. பெட்டியின் உள்ளே நடப்பது என்ன?

சாரதி சுக்கானைத் திருப்பும்போது பெட்டியினுள் இருக்கும் புரித்தண்டு சுழலும். அத்தண்டின்மேல் ஒரு சுரை உண்டு. இரண்டினதும் புரிகளுக்கிடையே சிறிய உருக்குக் குண்டுகள் உருளும். சுரையின் ஒரு முனையை அடையும் குண்டுகள் ஒரு குழாய் வழியாக மறுமுனைக்குத் திரும்பி வரும். வழுக்கல் உராய்வுக்குப் பதிலாக உருளல் உராய்வு ஏற்படுவதால் சக்தி இழப்பு குறைகிறது.

சுரையின் பக்கத்திலுள்ள பற்கள் ஒரு துண்டுப் பற்சில்லைத் திருப்பும். அப்பற்சில்லின் தண்டில் பூட்டப்பட்ட பிற்மன் புயம் இணைகோல்களை அசைக்க, முன் சில்லுகள் திரும்பும்.

3. கணிப்பு

கணிப்பதற்கு இலகுவாகப் பின்வரும் எண்களைக் கொள்வோம்.

பழைய பெட்டியின் வேக விகிதம் 24. புதிய பெட்டியின் வேக விகிதம் 16. சுக்கானின் ஆரை 0.2 மீற்றர். இரு பெட்டிகளினதும் வினைத்திறன் 75%. ஒரு பக்க எல்லையிலிருந்து மறுபக்க எல்லைக்குத் துண்டுப் பற்சில்லு 90 பாகை திரும்புகிறது. 90 பாகை என்பது கால் சுற்றாகும்.

பழைய பெட்டி:
சுக்கான் சுழலும் சுற்றுகள் = 24 × ¼ = 6
சாரதி பிரயோகிக்கும் விசை 60 நியூற்றன் எனின், திருப்பம் = 60 × 0.2 = 12 நியூற்றன் மீற்றர்
வெளியீட்டுத் திருப்பம் = 12 × 24 × 75/100 = 216 நியூற்றன் மீற்றர்

புதிய பெட்டி, ஐதரோலிக் உதவியின்றி:
சுக்கான் சுழலும் சுற்றுகள் = 16 × ¼ = 4
அதே 216 நியூற்றன் மீற்றரைப் பெறத் தேவையான திருப்பம் = 216 ÷ (16 × 75/100) = 18 நியூற்றன் மீற்றர்
தேவையான விசை = 18 ÷ 0.2 = 90 நியூற்றன்

இப்போது விசையைச் சுற்றுகளால் பெருக்கிப் பாருங்கள். 60 × 6 = 360. 90 × 4 = 360. இரண்டும் சமம். சாரதியின் கை செல்லும் தூரம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதசமமானது. ஆகவே அவர் செய்யும் வேலை இரு சந்தர்ப்பங்களிலும் ஒன்றேயாகும். 24 இன் பெட்டி விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டியது. 16 இன் பெட்டி தூரத்தைக் குறைத்து விசையைக் கூட்டியது. வேலையை எதுவும் குறைக்கவில்லை. உண்மையில், உராய்வு காரணமாகச் சாரதி கொடுத்த வேலையில் கால்வாசி வெப்பமாக வீணாகிறது.

4. அப்படியானால் பவர் ஸ்டியரிங்?

“சேர், பவர் ஸ்டியரிங்கில் சுற்றும் குறைவு, பாரமும் குறைவு. அப்படியானால் வேலை குறைகிறதுதானே?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சாரதியின் வேலை குறைவது உண்மை. ஆனால் மிகுதி வேலையை எஞ்சின் செய்கிறது.

எஞ்சினால் சுழற்றப்படும் பட்டி ஒரு பம்பியை இயக்கும். சாரதி சுக்கானைத் திருப்பும்போது உட்செல்லும் தண்டிலுள்ள மெல்லிய முறுக்குக் கோல் சற்று முறுகும். அம்முறுகல் ஒரு வால்வைத் திறக்க, அமுக்கமுள்ள எண்ணெய் சுரையைத் தள்ளும். அதாவது இங்கு சுரையே முசலமாகத் தொழிற்படுகிறது.

அமுக்கம் 5 000 000 பஸ்கால், முசலத்தின் பரப்பளவு 0.004 சதுர மீற்றர் எனின்,
விசை = அமுக்கம் × பரப்பளவு = 20 000 நியூற்றன்.

இவ்விசை வானத்திலிருந்து வரவில்லை, எரிபொருளிலிருந்து வருகிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1926 இல் இத்தகைய தொகுதியொன்றை இயக்கிக் காட்டினார். 1951 இல் கிறைஸ்லர் இம்பீரியல் கார் மூலம் அது பொதுமக்களின் பாவனைக்கு வந்தது.

5. மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

(அ) முதலில் நோயை அறிக. சுக்கானில் வெற்றாட்டம் இருந்தால் பெட்டியே குற்றவாளி என்று முடிவு செய்யக்கூடாது. இணைகோல் முனைகளும் தண்டின் இணைப்பும் தேய்ந்திருக்கலாம். அவற்றை விட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் பணம் போகும், ஆட்டம் போகாது.

(ஆ) செப்பஞ்செய் திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கக்கூடாது. பற்கள் நடுநிலையில் மட்டுமே மிக நெருக்கமாகப் பொருந்தும்படி அமைக்கப்பட்டுள்ளன. அளவுக்கு மீறி இறுக்கினால், வளைவில் திரும்பிய சுக்கான் தானாக நடுநிலைக்கு மீளாது.

(இ) முன் சில்லுகள் நேராக இருக்கும்போது பெட்டியும் தன் நடுநிலையில் இருக்க வேண்டும்.

(ஈ) பழைய பிற்மன் புயம் புதிய தண்டிற் பொருந்தாவிடின் பொருத்தமானதைத் தேடிப் பெற வேண்டும். சூடாக்கி வளைப்பதோ வெட்டி ஒட்டுவதோ கூடாது. அந்த ஒரு துண்டு உருக்கு முறிந்தால் சாரதியின் கைக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை.

(உ) பெட்டி பூட்டப்படும் சட்டகத்தில் வெடிப்பு உண்டா எனப் பார்க்க வேண்டும்.

(ஊ) எண்ணெயில் வளி தங்கியிருக்கக்கூடாது. திரவத்தை நெருக்குவது மிகக் கடினம், வாயுவை நெருக்கலாம். வளி இருந்தால் அமுக்கம் சீராகக் கடத்தப்படாது.

6. உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு குறிப்பு

ஓடும்போது பம்பியின் பட்டி அறுந்தால் என்ன நடக்கும்? சுக்கான் பூட்டிக்கொள்ளாது. தண்டு, புரி, பற்சில்லு என்னும் பொறிமுறைத் தொடர்பு அப்படியே இருக்கும். ஆனால் உதவி நின்றுவிடும். மேலே கணித்த உதாரணத்தில் சாரதிக்கு இப்போது 90 நியூற்றன் தேவை. பழைய பெட்டியில் 60 போதுமாயிருந்தது. அதாவது உதவி நின்ற புதிய சுக்கான், பழையதைவிடப் பாரமானது. இதை அறிந்த சாரதி பதறாமல் பலமாகத் திருப்பி வாகனத்தை ஓரங்கட்டுவார். அறியாதவர் “பூட்டிக்கொண்டது” என்று எண்ணிக் கையை விட்டுவிடக்கூடும். 24 இற்கும் 16 இற்கும் உள்ள வித்தியாசம் கொப்பியில் ஓர் எண், வீதியில் அப்படியல்ல.

7. பயிற்சி வினாக்கள்

1. வேக விகிதம் 20, வினைத்திறன் 75% எனின் மேற்படி 216 நியூற்றன் மீற்றரைப் பெறச் சாரதி பிரயோகிக்க வேண்டிய விசை யாது?
2. அப்பெட்டியில் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு எத்தனை சுற்றுகள்?
3. உருக்குக் குண்டுகள் இடப்படுவதன் நோக்கம் யாது?
4. “பொறி வேலையைக் குறைக்கும்” என்னும் கூற்றைத் திருத்தி எழுதுக.

விடைகள்

1. 216 ÷ (20 × 75/100) = 14.4, 14.4 ÷ 0.2 = 72 நியூற்றன்.
2. 20 × ¼ = 5 சுற்றுகள். 72 × 5 = 360 வருகிறதா எனச் சரிபார்க்க.
3. வழுக்கல் உராய்வை உருளல் உராய்வாக மாற்றிச் சக்தி இழப்பைக் குறைத்தல்.
4. பொறி என்பது பிரயோகிக்கும் விசையின் பருமனையோ திசையையோ மாற்றி வேலையை இலகுவாகச் செய்ய உதவும் சாதனமாகும். அது வேலையின் அளவைக் குறைப்பதில்லை.

நான்காம் விடையை மனனம் செய்ய வேண்டாம். 60 × 6, 90 × 4 என்ற இரண்டு பெருக்கல்களையும் நினைவில் வைத்திருங்கள். பரீட்சை மண்டபத்தில் வசனம் தானாக வரும்.