மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லையா?



பிரஷர் என்றதும் "உப்பைக் குறை, யோசிக்காதே" என்கிறோம். நல்ல புத்திதான். ஆனால் மூன்று வகை மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்காவிட்டால், வேறு காரணமும் தேட வேண்டும். அதில் ஒன்று ஓமோன்.

நமது இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தது போல ஒவ்வொரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் அதிரினல் சுரப்பி. அதில் சுரக்கும் அல்டோஸ்தரோன் என்ற ஓமோன் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும். பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளும். இது அளவுக்கு மீறிச் சுரந்தால் பிரஷர் ஏறும். சிலருக்குக் கால் தசை பிடித்து இழுக்கும், கை கால் சோர்ந்து போகும், இரவில் பல தடவை சிறுநீர் போகும். "மலை ஏறி இறங்குற அசதி" என்று இதைச் சும்மா விடக் கூடாது. பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் இருதயமும் சிறுநீரகமும் கெடும், பாரிசவாதமும் வரலாம்.

இந்த நோயை 1955இல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்க வைத்தியர் ஜெரோம் கொன். பிரஷர் உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அல்டோஸ்தரோன், ரெனின் என்ற இரண்டையும் இரத்தத்தில் அளந்தால் துப்புக் கிடைக்கும்.

அப்படியென்றால் வெட்டத்தான் வேண்டுமா? இல்லை.

1. இரண்டு சுரப்பியும் கூடுதலாகச் சுரந்தால் சத்திரசிகிச்சை இல்லை. ஸ்பைரோனோலக்டோன் போன்ற மாத்திரை போதும். ஆண்களுக்கு மார்பு வீங்கினால் வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றலாம்.

2. ஒரு சுரப்பியில் மட்டும் சிறு கட்டி இருந்தால், அந்தச் சுரப்பியை எடுப்பது வழக்கம். 1992 முதல் இதைச் சின்னத் துவாரங்கள் வழியாகவே செய்கிறார்கள்.

3. வெட்டாமல் சூட்டினால் கட்டியை மட்டும் கருக்கும் முறையும் வந்திருக்கிறது. வாய் வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்துவார்கள். இடது சுரப்பி இரைப்பைக்குப் பக்கத்தில் இருப்பதால் இது முடிகிறது. பிரித்தானியாவில் 28 பேருக்குச் செய்து பார்த்த முடிவு 2025இல் வெளியானது. பெரும்பாலானோருக்கு ஓமோன் குறைந்தது; சிலர் பிரஷர் மாத்திரையையே விட்டார்கள். ஆனாலும் இது இன்னும் பரிசோதனை அளவில்தான் இருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியையும் போடுகிற மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். "டாக்டர், எனக்கு ஓமோனால் வந்த பிரஷராக இருக்குமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஒன்று மட்டும்: வைத்தியர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.