ஏரி மராமத்து: கைவேலையா, கூலிவேலையா?

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பேர்போனது. கோவளம் கடற்கரைக்கு மேற்கேயுள்ள படூரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் போன்ற இடங்களில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையைத் தேக்கி வைப்பதே நெடுங்கால வழக்கம். இக்காலத்தில் பழைய மாமல்லபுரம் சாலையோரம் வயல் குறைந்து வீடுகள் பெருகிவிட்டன. எனினும் கிணற்றில் ஊற்று நிற்பதும், அடைமழையில் வெள்ளம் வீட்டிற்குள் புகாதிருப்பதும் ஏரியின் நிலையைப் பொறுத்தனவே. ஆகவே மராமத்து வேலையை நாமே செய்வதா, பணங்கொடுத்துச் செய்விப்பதா என்னும் கேள்வி கிராமக் கூட்டங்களில் எழுவது இயல்பு. “கையிருக்கக் கூலி எதற்கு?” என்பர் சிலர், “பணத்தைக் கட்டிவிட்டால் கவலையில்லை” என்பர் வேறு சிலர். இரண்டும் கணக்குப் பார்க்காத பேச்சாகும்.

முன்னோர் கண்ட வழி

உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களில், வெட்டப்பட்ட சாசனங்கள் ஏரி வாரியம் என்னும் சபையைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியஞ் செய்யலாகாது என்றும் அவை விதித்தன. வேலையை யார் செய்தாலும் கணக்கு ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டுமென்பது இதன் கருத்து.

பிற்காலத்தில், சென்னை மாகாணத்தில் 1858-ஆம் வருஷத்திய கட்டாய வேலைச் சட்டம் பிறந்தது. வழக்கப்படி செய்யவேண்டிய குடிமராமத்து வேலைக்கு வராதவரிடமிருந்து அவ்வேலையின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கலாமென்று அது கூறியது. பெரும்பாலும் அது ஏட்டளவிலேயே நின்றது. 2017-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலத்தில் தொடங்கியபொழுது, மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ, பொருளாகவோ, பணமாகவோ பாசனதாரர் கொடுக்கலாமென்று வைத்தது. உழைப்புக்கும் பணத்துக்கும் ஒரே தராசு என்பதை இவ்விரண்டு ஏற்பாடுகளும் ஒப்புக்கொண்டன. அத்தராசில் நிறுக்க வேண்டிய விஷயங்கள் மூன்று.

முதலாவது: நாளின் விலை

எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் வரத்துக் கால்வாயைத் தூரெடுக்க இயந்திரக்காரர் 40,000 ரூபாய் கேட்கிறார் என்று கொள்வோம். ஊரார் 60 பேர் இரண்டு நாள் உழைத்தாலும் அவ்வேலை முடியும். ஆக 120 ஆள்நாள். தினக்கூலி 500 ரூபாய் என்றால், கூலி தவறாமல் கிடைக்கும் காலத்தில் ஊரார் இழப்பது 60,000 ரூபாய். கைவேலையே அதிகச் செலவாகிறது. வேலையற்ற காலத்தில் நால்வரில் ஒருவருக்கே கூலி கிடைக்குமாயின், இழப்பு 15,000 ரூபாய்தான். அப்பொழுது கைவேலையே லாபம். வேலை ஒன்றே; காலம் மாறினால் விடை மாறுகிறது. ‘இலவச உழைப்பு’ என்று எதுவுமில்லை. கணக்கில் எழுதாத உழைப்பு உண்டு, அவ்வளவே.

இரண்டாவது: தவறினால் திருத்தலாகுமா?

கரையின்மேல் முட்செடி களைதல், எலி வளைகளையும் நண்டு வளைகளையும் வெட்டித் திறந்து ஈரமண் இட்டு இடித்து மூடுதல், கால்வாயில் மண்ணெடுத்தல் முதலியவை ஊராருக்குப் பழக்கமானவை. பிழை நேரினும் மறுநாள் திருத்தலாம். மதகும் கலங்கலும் அப்படிப்பட்டவையல்ல. மதகின் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிறு கசிவு இருந்தால், நீர் மண்ணை அரித்துக்கொண்டு வழி பெரிதாக்கிக் கரையையே உடைக்கும். கூடுதலாக நீர் தேக்கும் ஆசையால் கலங்கலின்மேல் மண்மூட்டை அடுக்குவதும் அத்தகைய அபாயமே. வழியவேண்டிய வெள்ளம் கரைமேல் ஏறும். மேலேரி உடைந்தால் கீழேரிகளும் தொடர்ந்து உடைவதுண்டு. 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய இரவில் கொத்தனைத் தேடிப் போக இயலாது. ஆகவே இவ்வேலைகளில் கூலியைச் சுருக்குவது சிக்கனமன்று. பொறுப்பான இலாகாவின் அனுமதி பெற்று, தேர்ந்த பொறியாளரையும் கொத்தரையுங் கொண்டே செய்விக்க வேண்டும்.

மூன்றாவது: பாரம் யார் தலையில்?

வீட்டுக்கு ஓர் ஆள் என்று தண்டோரா போடுவது சமநீதிபோல் தோன்றும். பத்து ஏக்கர் உடையவனும், காணி நிலமும் இல்லாத கூலிக்காரனும் ஒவ்வொரு நாள் உழைத்தால், ஏரி நீரின் பலனை அடைபவன் முன்னவன். அன்றைய அடுப்பு எரியாமற்போவது பின்னவனுக்கே. பழைய நாளில் ஊர்ப்பொது வேலை என்னும் பெயரால் ஏழைகள் கூலியின்றி உழைத்த கொடுமையை மறுபடி நடத்தலாகாது. ஆயக்கட்டு ஏக்கர் விகிதம் நிலமுடையோர் பங்கு விதித்து, தாமே வந்து உழைக்கட்டும். வர இயலாதவர் பணம் கட்டட்டும். அப்பணத்தால் நிலமற்றவருக்கு வேலையும் நியாயமான கூலியும் கிடைக்கட்டும். ஊற்றாலும் வெள்ளக் காப்பாலும் பயன்பெறும் வீட்டுக்காரரும் தம் பங்கைத் தருவது முறை.

கூலி கொடுத்த பின்

பணம் கொடுத்ததனால் பொறுப்புத் தீர்ந்துவிடாது. வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுக. கரை மண்ணை அரை அடிக்கு அரை அடி பரப்பி, நனைத்து, இடிக்கிறார்களா என்று இருவர் முறைவைத்து நின்று பார்க்க. கரையடியிலேயே பள்ளம் தோண்டி மண்ணெடுக்க விடாதீர்கள். தொகையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைப்பதென்று முன்னதாகவே உடன்படிக்கையில் எழுதிக்கொள்க. செலவுக் கணக்கைக் கூட்டத்தில் உரக்க வாசித்து ஒப்புதல் பெறுக.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் ஏரியில் இவ்வருஷம் செய்யவேண்டிய வேலைகள் எவை? அவற்றில் பிழை நேர்ந்தால் திருத்தக் கூடியவை எவை, கூடாதவை எவை?

2. ஊரில் கூலி வேலை குறைந்திருக்கும் வாரங்கள் எவை?

3. கைவேலைக்கு வருவோரில், அன்றைய கூலியை இழந்தால் உணவுக்குத் தவிப்பவர் எத்தனை பேர்?

இம்மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்டு புரட்டாசிக்குள் வேலையை முடித்தால், ஐப்பசி மழையை அஞ்சாமல் எதிர்பார்க்கலாம்.