பெட்ரோல் ஒழுகும் காரும் காலிப் பையும்

பழைய மாருதி 800 வாங்கிய பிள்ளைகளும் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மேஸ்திரி, பெட்ரோல் வாசம் அடிக்குது. புது லைன் போடக் காசில்லை. என்ன பண்ணலாம்?" காசில்லாதது குற்றமில்லை. எந்த இடத்தில் கையைச் சுருக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூலியில் மிச்சம் பிடிக்கலாம், குழாயின் நீளத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஓஸின் தரத்திலும் கிளிப்பிலும் பிடிக்கக் கூடாது.

1. வாசம் வந்த அன்றே வண்டியை நிறுத்து. "இன்னிக்கு மட்டும் ஆபீஸ் போயிட்டு வந்துடறேன்" என்பதெல்லாம் வேண்டாம்.

2. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் கழற்றாதே. பாதிச் செலவு இங்கேதான் மிச்சமாகும். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாசம் வந்தால், டேங்கின் மேல்பக்கத்தையும் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து இறங்கும் ரப்பரையும் பார். இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் சப்ளை லைன். பெட்ரோல் சொட்டிய வேகத்தில் காய்ந்துவிடும். ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிடு. எம்பிஎஃப்ஐ வண்டியானால் செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் மூன்று நான்கு முறை ஆன் செய்து ஆஃப் செய். ஒவ்வொரு முறையும் பம்ப் சில விநாடி ஓடி லைனில் அழுத்தம் ஏற்றும். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது குழாயைச் சேஸியோடு பிடிக்கும் கிளாம்புக்கு அடியில், சேறு தங்கும் இடத்தில் இருக்கும். இல்லாவிட்டால் எலி கடித்த ரப்பரில்.

கார்பரேட்டர் வண்டியில் ஒரு சூது உண்டு. பம்ப் இன்ஜின் பக்கம் உட்கார்ந்து டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சும் லைனில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே வராமல், காற்று உள்ளே போகலாம். சொட்டு இருக்காது, மேட்டில் மட்டும் வண்டி திக்கும். கார்பரேட்டரை மூன்று முறை பிரித்து மாட்டிவிட்டுக் கடைசியில் ஒரு சாண் ரப்பரை மாற்றிய அனுபவம் எனக்கே இருக்கிறது.

3. உன் வண்டி எந்த ஜாதி என்று தெரிந்துகொள். கார்பரேட்டர் வண்டியில் லைன் அழுத்தம் 5 பிஎஸ்ஐ அளவுக்குள் அடங்கிவிடும். எம்பிஎஃப்ஐயில் சுமார் 3 பார். கார் டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். காமன் ரெயில் டீசலில் உயர் அழுத்தக் குழாய் 1000 பாரைத் தாண்டும். அதில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே இழக்க நேரிடும். அந்தக் குழாயில் உனக்கு வேலையில்லை, எனக்கும் இல்லை. புதுக் குழாய்தான்.

4. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். ஆகவே பிட்டுக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யாதே. நான் பையனாக இருந்தபோது பிட்டில் குண்டு பல்பு ஹேண்ட் லாம்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு பெட்ரோல் பல்பில் விழுந்து கண்ணாடி வெடித்தது. புருவமும் முன்முடியும் போனதோடு தப்பித்தது என் அம்மா செய்த புண்ணியம். திறந்த வெளியில், ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்ட் போட்டு, மூடிய எல்ஈடி டார்ச்சோடு வேலை செய். பக்கத்தில் பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். எரிகிற பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு மிதந்து பரவும்.

5. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் வேலையை வைத்துக்கொள். மூடியைத் திற. எம்பிஎஃப்ஐ என்றால் இன்ஜினை ஓடவிட்டுப் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கு, தானே அணையும். அதன்பின் பேட்டரி நெகட்டிவைக் கழற்று. எந்த வண்டியிலும் இன்ஜின் ஆறாமல் லைனில் கை வைக்காதே. கழற்றிய ஓஸின் வாயில் அளவான ஒரு போல்ட்டைச் செருகினால் ஒழுகல் நிற்கும். வாயால் உறிஞ்சாதே, நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிச் செலவு.

6. ஓஸ். இதில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் ட்யூபை வெட்டி மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் மஞ்சளாகி, விறைத்து, விரிசல் விடும். கேஸ் அடுப்பு ட்யூபும் வேண்டாம். இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதைத் தாங்காத பழைய ரப்பர் உப்பி உள்ளுக்குள் உரிந்து ஃபில்டரை அடைக்கும். கடையில் போய் "பெட்ரோல் ஓஸ் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதே. ஓஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படி. எம்பிஎஃப்ஐக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று இருக்க வேண்டும். கார்பரேட்டருக்கு ஆர்7 அழுத்தத்தைத் தாங்கும். ஆனாலும் காசு கூடுதலானாலும் ஆர்9 வாங்கு என்பேன், எத்தனாலுக்கு அதுவே மேல். டேங்குக்கு உள்ளே போடும் ஓஸ் வேறு, அது ஆர்10. சாதாரண ஓஸின் வெளித்தோல் பெட்ரோலில் ஊறிக்கிடக்கச் செய்ததல்ல.

சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஓஸ் வாங்கு. புதுப்பேட்டையில் பழைய இரும்பு லைன், பிராக்கெட் வாங்கலாம், தப்பில்லை. பழைய ரப்பரை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதே.

7. இரும்புக் குழாயில் துரு ஓட்டை என்றால் முழு லைனும் போக வேண்டியதில்லை. இருபுறமும் சுத்தமான இரும்பு தெரியும்வரை வெட்டு. கிரைண்டர் வேண்டாம், பொறி பறக்கும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் இருக்கும் ட்யூப் கட்டரை ஒரு மணி நேரம் இரவல் கேள். வெட்டிய முனை வழவழவென்று இருந்தால் ஓஸ் வழுக்கும். பிரேக் பைப் செய்யும் கடையில் கொடுத்து முனையில் சின்ன வரம்பு எடுத்து வா. ஓஸ் ஓர் அங்குலமாவது குழாய்மேல் ஏறட்டும். இடையில் போடும் ஓஸ் குட்டையாக, சைலன்ஸர் சூடு படாத இடத்தில் இருக்கட்டும். டேங்கிலிருந்து இன்ஜின்வரை ரப்பரே ஓட்டிவிடாதே. கல் அடித்தால் போச்சு. செம்புக் குழாயும் வேண்டாம், அதிர்வில் இறுகி ஒருநாள் பிளக்கும்.

8. பிளாஸ்டிக் லைன் உள்ள புது வண்டிகளில் ஓஸும் கிளிப்பும் வைத்து ஒட்டுப்போடாதே. அதற்கென்று வரும் ஜாயின்டர் வாங்கி, குழாய் முனையை வெந்நீரில் இளக்கிச் செருகு. லைட்டர் காட்டாதே.

9. கிளிப், ஓரம் மடிந்த எஃப்ஐ கிளிப்பாக இருக்கட்டும். பல்லுள்ள சாதாரண கிளிப் ஓஸையே அறுக்கும். இதற்கு ஆகும் காசு இரண்டு டீக் காசு.

10. எபாக்ஸி, டேப், பழைய சைக்கிள் ட்யூப் எல்லாம் லைனில் நிற்காது. டேங்க் தையலில் கசிந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய டிரைவர்களின் வித்தை. பெட்ரோலில் சோப்பு கரையாது. பட்டறை வந்து சேரும்வரைதான் அது. டேங்கில் வெல்டிங் வைக்க மட்டும் யார் சொன்னாலும் விடாதே.

11. மாட்டி முடித்ததும் பேட்டரியை இணைத்து, பழையபடி சாவியை ஆன், ஆஃப் செய்து, ஒவ்வொரு மூட்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார். கார்பரேட்டர் வண்டியானால் இன்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பார். ஈரமில்லை என்றால் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்தபின் மறுபடி ஒற்று. அடுத்த ஒரு வாரம் காலையில் கதவைத் திறக்குமுன் குனிந்து ஒருமுறை மோந்து பார், தம்பி. வாசம் இருந்தால் சாவி போடாதே. வண்டியைக் கையால் வெளியே தள்ளி வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு. பார்க்கக் காசு வாங்கமாட்டேன்.