1582-ஆம் ஆண்டின் பள்ளிப் பாட்டுப் புத்தகம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாளில் பல பள்ளிகளில் சிறு கிறிஸ்துமஸ் விழா நடக்கிறது. ஒலிபெருக்கியில் 'ஜிங்கிள் பெல்ஸ்' ஒலிக்க, பிள்ளைகள் ஆடுகிறார்கள். 1857-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. பனியில் சறுக்குவண்டி ஓட்டும் உல்லாசம்தான் இருக்கிறது. பாட்டின் மேல் குறையில்லை. ஆனால் அங்கே பாடுவது ஒலிபெருக்கி, பிள்ளைகள் அல்லர். பிள்ளைகளையே பாடவைக்க வேண்டுமென்றால், கருவிகள் இல்லாமலே பாடக்கூடிய பழைய ஐரோப்பியப் பாடல்கள் பல உள்ளன.

'கரோல்' என்ற சொல் இன்று கிறிஸ்துமஸ் பாட்டைக் குறிக்கிறது. இடைக்காலத்தில் அது வட்டமாகக் கைகோத்து ஆடும் ஆட்டத்தின் பெயர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பல்லவியைத் திரும்பப் பாடுவார்கள். நம் கும்மியை அறிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

இப்பாடல்களில் பலவற்றைக் காப்பாற்றித் தந்தது ஒரு பள்ளி என்பது ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி. பின்லாந்து அப்போது சுவீடனின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள துர்க்கு நகரப் பேராலயப் பள்ளியின் தலைமையாசிரியர் யாக்கோபுஸ் பின்னோ, மாணவர்கள் பாடிவந்த லத்தீன் பாடல்களைத் திருத்தித் தொகுத்தார். தெயோடோரிக்குஸ் பெத்ரி என்ற மாணவர் அதை 1582-இல் ஜெர்மனியின் கிரைப்ஸ்வால்டு நகரில் அச்சேற்றினார். 'பியே கான்சியோனெஸ்', அதாவது 'பக்திப் பாடல்கள்' என்பது நூலின் பெயர். மொத்தம் 74 பாடல்கள். பெரும்பாலானவற்றை இயற்றியவர் யாரென்று தெரியாது.

அந்நாட்டு ஏழை மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடித் தங்கள் படிப்புக்குத் தானியமும் பொருளும் சேர்த்தார்கள். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நவராத்திரி நாட்களில் கோலாட்டம் அடித்து வீடு வீடாகப் பாடி வாத்தியாருக்குக் காணிக்கை பெற்றுத் தந்ததை இங்கே ஒப்பிடலாம். அங்கே வருமானம் மாணவனுக்கு, இங்கே வாத்தியாருக்கு! எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பும் வரும், நல்ல கேள்விகளும் வரும்.

அந்த நூலில் இளவேனில் மலர்களைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சுவீடனில் பிரிட்டிஷ் தூதராக இருந்த கார்டன், அரிதாகிவிட்ட அந்நூலின் படி ஒன்றை இங்கிலாந்தில் ஜான் மேசன் நீல் என்பவருக்கும் இசையறிஞர் தாமஸ் ஹெல்மோருக்கும் கொடுத்தார். நீல் அந்த வசந்த மெட்டுக்கு 1853-இல் புதுச் சொற்கள் எழுதினார். கொட்டும் பனியில் ஓர் ஏழைக்கு உணவும் விறகும் கொண்டுசெல்லும் அரசனின் கதை அது. கதைத்தலைவர் இன்றைய செக் நாட்டுப் பகுதியை 10-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வென்செஸ்லாஸ். மலர்ப் பாட்டின் மெட்டு பனிக்காலப் பாட்டாகிவிட்டது. 1928-இல் 'ஆக்ஸ்போர்டு கரோல் நூல்' தொகுத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நீலின் பாட்டு மெல்ல வழக்கொழியும் என்று எதிர்பார்த்தார்கள். ஒழியவில்லை. மக்கள் வாயில் ஏறிய பாட்டை அறிஞர்கள் இறக்கிவிட முடியுமா?

அதே நூலில் உள்ள 'கௌதேத்தே' என்ற லத்தீன் பாட்டை ஸ்டீலை ஸ்பேன் என்ற ஆங்கிலேயக் குழு வெறும் குரல்களால் பாடியது. 1973-இல் அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலிலேயே இடம்பெற்றது. பல்லவி மிகச் சிறியது. இரண்டு முறை கேட்டால் நான்காம் வகுப்புக்கும் வந்துவிடும். ஒரு குழு பல்லவியையும் மற்றொரு குழு கைத்தட்டையும் எடுத்துக்கொண்டால் போதும்.

உயர்நிலை வகுப்புகளில் வேறு வழிகள் உண்டு. 'இன் துல்சி யூபிலோ' என்ற பழம்பாட்டில் லத்தீனும் ஜெர்மனும் அடிக்கு அடி கலந்து வரும். தமிழாசிரியர் மணிப்பிரவாளத்தை விளக்க இதைவிட எளிய துணை கிடைப்பது அரிது. 'காட் ரெஸ்ட் யூ மெர்ரி' மெட்டின் சுரங்கள் நம் நடபைரவியின் சுரங்களே; பாட்டு கற்கும் மாணவி ஒருத்தி வகுப்பில் இருந்தால் அவளே பாடிக் காட்டுவாள். டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் ஒரு சிறுவன் இப்பாட்டைத் தொடங்கியதும் ஸ்குரூஜ் அளவுகோலைக் கையில் எடுக்கிறார், சிறுவன் ஓடிவிடுகிறான். ஆங்கில வகுப்பில் இக்காட்சியை நடித்தே பார்க்கலாம்.

அரசுப் பள்ளியில் இது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். வழிபாடாக அன்றி வரலாறாகவும் இசையாகவும் அறிமுகம் செய்தால் எந்தப் பிள்ளைக்கும் சங்கடம் வராது என்பது என் கருத்து. அதே பாடவேளையில் பிற சமயப் பிள்ளைகள் தம் வீட்டுப் பண்டிகைப் பாட்டையும் பாடட்டும்.

விடுமுறைக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கலாம். பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒரு பழைய பாட்டைக் கேட்டு எழுதி வர வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். ஜனவரியில் அவற்றை ஒரே நோட்டில் தைத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.