நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் இரத்தப் பரிசோதனையும்

பங்காருபேட்டையிலிருந்து கிளை இரயில் பாதை செல்லும் கோலார் தங்கவயலில், 2001-ஆம் ஆண்டு வரை பாறையைத் துளைத்த தொழிலாளர் பலர் தமிழர். சிலிக்கா தூசி நுரையீரலைப் பழுதாக்கிக் காசநோய்க்கும் இடமளிக்கும். காசநோய்க்கு 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் உயிர்காத்தது. ஆயினும் அளவு மிஞ்சினால் உட்செவியைக் கெடுக்கும். மருந்து உடலில் எவ்வளவு நிற்கிறது என்பதை அறிய வேண்டிய தேவை இங்கேதான் தோன்றுகிறது.

சென்னை தந்த பாடம்

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஐசோனியாசிட் மருந்தைச் சிலர் விரைவாகவும் சிலர் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை ஆராய்ந்தது. இது மரபுவழி வேறுபாடு. வாரம் ஒருமுறை மருந்து தரும் முறையில், விரைவாகச் செயலிழக்கச் செய்வோர் குறைந்த பயனே பெற்றனர். ஒரே அளவு மருந்து எல்லாருக்கும் ஒரே பலன் தருவதில்லை.

தீவிர சிகிச்சையில்

கடும் நோயாளியிடம் இவ்வேறுபாடு மேலும் பெருகும். இரத்தத்தில் கிருமி பரவும்போது திரவம் திசுக்களுள் கசிவதால் மருந்தின் செறிவு குறையும். சிலரது சிறுநீரகம் மருந்தை மிகை வேகத்தில் வெளியேற்றும். சிலரிடம் அது செயலிழந்து மருந்து தேங்கும். 2014-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பென்சிலின் உள்ளிட்ட பீட்டா-லாக்டம் மருந்துகளால் நோய்த்தொற்றுக்குச் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் குறைந்தபட்ச இலக்கையும் எட்டவில்லை.

ஜென்டாமைசின், அமிகாசின் ஆகியவற்றின் பலன் உச்சச் செறிவைப் பொறுத்தது; அடுத்த வேளைக்கு முன் இரத்தத்தில் எஞ்சியிருக்கும் அளவு மிகுந்தால் சிறுநீரகத்திற்கும் செவிக்கும் கேடு. வாங்கோமைசினுக்கு இந்த எஞ்சிய அளவை 15 முதல் 20 வரை (மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம்) வைக்குமாறு 2009 அமெரிக்க வழிகாட்டி கூறியது. சிறுநீரகப் பாதிப்பு கண்டதால், 2020-இல் ஒரு நாள் முழுதும் இரத்தத்தில் நிலவும் மருந்துச் செறிவின் மொத்த அளவே அளவுகோலாயிற்று.

நிர்வாகத்தின் கடமை

கருவி வாங்குவது மட்டும் போதாது. மருந்து ஏற்றிய நேரமும் இரத்தம் எடுத்த நேரமும் நிமிடக் கணக்கில் பதிவாக வேண்டும். நேரம் தவறிய மாதிரி மருத்துவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். கருவியில்லாத வட்ட மருத்துவமனைகளின் மாதிரிகளைப் பெருநகர ஆய்வுக்கூடம் ஏற்று, அடுத்த வேளைக்கு முன் முடிவைத் தெரிவிக்கும் ஏற்பாடு அவசியம். தாமதமான முடிவு நோயாளிக்கு உதவாது.